நெய்த கூடாரத்தில் இறங்கிய மகிமை

ஆர்.கே.பேட்டையில் பொழுது விடியும் முன்பே தறிச் சத்தம் தொடங்கிவிடும். சில வீடுகளில் இரவு முழுக்க ஓயாது. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று இந்த வட்டாரமே விசைத்தறியை நம்பி வாழ்கிறது. தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு. இந்த ஊர்கள் அடங்கிய திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தறியில் பிழைப்பு ஓடாத வீட்டுப் பிள்ளைகள் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு சிறிய சபையின் ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வருகிறது. ஒரு அக்கா எழுந்து, மூன்று மாதமாக இருந்த வயிற்றுவலி ஜெபத்தில் நீங்கியதைச் சொல்கிறார். ஒரு தம்பி கம்பெனியில் நிரந்தரமானதைச் சொல்கிறார். கடன் அடைந்தது, வரன் அமைந்தது, விபத்தில் உயிர் தப்பியது என்று அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் சபை ‘தேவனுக்கே மகிமை’ என்கிறது. அந்த நன்றி உண்மையானது. அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் அதே சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் திங்கள் முதல் சனி வரை தினம் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் தறிக்கு முன் நிற்கிறார்கள், இயந்திரத்துக்கு முன் நிற்கிறார்கள், அடுப்படியில் நிற்கிறார்கள். அந்த நேரம் சாட்சியாக எழுந்து நிற்பதில்லை. வாழ்நாளின் பெரும்பங்கு மகிமையின் கணக்கில் வராமலே கழிகிறது.

தேவனுடைய மகிமையை எங்கே பார்ப்பது, பார்த்து எப்படிக் களிப்பது என்ற கேள்வியை வேதமும், உலகத் திருச்சபையும், தமிழ்க் கிறிஸ்தவ மரபும் எப்படி எதிர்கொண்டன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகிமையை அற்புதத்தில் மட்டும் தேடும் பழக்கம் நம்மிடம் இறுகிவிட்டது. அன்றாடத்தில் அதைக் காணும் கண் நம் சொந்த மரபிலேயே இருந்தது. ஆனால் அந்தக் கண்ணும் பக்கத்தில் நிற்கும் மனிதன் என்று வரும்போது பல நேரங்களில் மூடிக்கொண்டது. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

வேதாகமத்தில் மகிமை சில இடங்களில் நடுங்க வைக்கிறது. சீனாய் மலையின் உச்சியில் பட்சிக்கிற அக்கினிபோல் தெரிகிறது. ஏசாயா அதைக் கண்டு, தான் அசுத்த உதடுள்ளவன் என்று அலறுகிறார். அது ஆலயத்தை விட்டுப் புறப்பட்டுப் போவதை எசேக்கியேல் பார்த்து நிற்கிறார். பிரசங்கங்களில் நாம் அதிகம் கேட்பது இவைதான். நெசவாளர் ஊரில் இருந்துகொண்டு யாத்திராகமத்தின் பின்பாதியை வாசித்தால் வேறொன்று கண்ணில் படும். 25ஆம் அதிகாரத்திலிருந்து அநேகமாகப் புத்தகத்தின் முடிவுவரை துணி, நூல், வளையம், கொக்கி, அளவு. பெரும்பாலான வாசகர்கள் வேகமாகத் தாண்டிப்போகும் பகுதி அது. அதில் பெண்கள் தங்கள் கையால் நூற்று, நீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூலையும் மெல்லிய பஞ்சுநூலையும் கொண்டுவருகிறார்கள். வேறு சிலர் வெள்ளாட்டு மயிரைத் திரிக்கிறார்கள். பெசலெயேல், அகோலியாப் என்ற இரண்டு கைவினைஞரின் பெயர் குறிப்பிடப்படுகிறது. தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று பெசலெயேலைப் பற்றிச் சொல்லிவிட்டு, அந்த ஞானத்தில் அடங்கும் வேலைகளில் நெசவும் ஒன்று என்று 35ஆம் அதிகாரம் பட்டியல் போடுகிறது. ஆசாரியனுக்குத் தைக்கும் உடுப்பு மகிமைக்காகவும் அழகுக்காகவும் என்று 28ஆம் அதிகாரம் காரணம் சொல்கிறது. எல்லாம் முடிந்தபின் 40ஆம் அதிகாரத்தில் மேகம் இறங்குகிறது. மோசேகூட உள்ளே போக முடியாதபடி கர்த்தருடைய மகிமை அந்த இடத்தை நிரப்புகிறது.

எந்த இடத்தை? கல்மண்டபம் கிடையாது; சாலொமோன் ஆலயம் கட்டுவதற்கு இன்னும் பல தலைமுறை இருக்கிறது. பலகையும் தோலும் போக, மிச்சமெல்லாம் யாரோ நூற்று, யாரோ நெய்த துணி. மனிதர் கையால் செய்த இடத்தில் மகிமை முதலில் குடிவந்தது நெய்த கூடாரத்தில்தான். ஆர்.கே.பேட்டைச் சபைகளில் வருடத்துக்கு ஒருமுறையாவது இந்த அதிகாரங்களை முழுக்க வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

புதிய ஏற்பாட்டில் இந்த இழை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் கர்த்தருடைய மகிமை சுற்றிலும் பிரகாசிப்பது இராவேலை பார்க்கும் மேய்ப்பர்கள்மேல். அவர்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தேவனை மகிமைப்படுத்திக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். போகிற இடம் மறுபடியும் அதே மந்தைதான். யோவான் சுவிசேஷத்தில் இயேசு தம் மகிமையை முதலில் வெளிப்படுத்துவது ஒரு கலியாண வீட்டுப் பந்தியில். திராட்சரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி விசாரிப்புக்காரனுக்குத் தெரியவில்லை; தண்ணீரை மொண்ட வேலைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்தச் சிறு குறிப்பை யோவான் சும்மா எழுதவில்லை என்று நான் நம்புகிறேன். வேலை செய்த கை முதலில் கண்டது. விருந்தின் தலைமை கடைசிவரை காணவில்லை. அதே சுவிசேஷம் பின்பாதியில் சிலுவையையே மனுஷகுமாரன் மகிமைப்படும் நேரம் என்கிறது. மகிமை என்றாலே வெற்றி, வளம், பளபளப்பு என்று எண்ணும் மனதை அது உடைத்துப்போடுகிறது.

கவனிக்கத் தவறுவதையும் வேதம் லேசாக விடுவதில்லை. குணமான குஷ்டரோகிகள் பத்துப் பேரில் ஒருவன்தான் தேவனை மகிமைப்படுத்தித் திரும்பி வந்தான். மனிதனின் வீழ்ச்சியை ரோமர் முதல் அதிகாரத்தில் விவரிக்கும் பவுல், கொலையிலிருந்தும் களவிலிருந்தும் தொடங்கவில்லை; தேவனை அறிந்தும் மகிமைப்படுத்தாமலும் நன்றி சொல்லாமலும் இருந்ததிலிருந்து தொடங்குகிறார். புசித்தாலும் குடித்தாலும் எதைச் செய்தாலும் தேவமகிமைக்கென்று செய்யும்படி கொரிந்தியருக்கு எழுதியவரும் அவரே. அவர் கூடாரம் செய்யும் தொழிலாளி.

உலகத் திருச்சபையின் சிந்தனையை இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜெனீவாவின் ஜான் கால்வின் படைப்பு முழுவதையும் தேவமகிமையின் அரங்கம் என்று பார்த்தார். அதே 16ஆம் நூற்றாண்டில் இக்னேஷியஸ் லொயோலா எல்லாவற்றிலும் இறைவனைக் காணும் பயிற்சியைத் தாம் தொடங்கிய துறவற சபையாருக்கு விட்டுச்சென்றார். நாளின் முடிவில் அன்றைய பொழுதைத் திரும்பிப் பார்க்கும் ஆன்மச் சோதனை அதில் முக்கியமானது. சீர்திருத்தத்தின் எதிரெதிர்க் கரைகளில் நின்ற இருவரும் இந்த ஒன்றில் பக்கத்துப் பக்கத்தில் வருகிறார்கள். 1647இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை, மனித வாழ்வின் முதன்மையான நோக்கம் எது என்ற கேள்வியோடு தொடங்கி, தேவனை மகிமைப்படுத்துவதையும் அவரில் என்றென்றும் களிப்பதையும் ஒரே பதிலில் கட்டிவைக்கிறது. கடமையும் களிப்பும் ஒன்று என்று அது சொல்வதுதான் அதன் பலம். பின்னால் அமெரிக்காவில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், மகிமையைக் கண்டு மகிழாமல் ஒருவன் தேவனை மகிமைப்படுத்திவிட முடியாது என்று இந்த இணைப்பையே நீட்டி வாதித்தார். இந்த வரிசையில் எனக்கு நெருக்கமானவர் பாரிஸ் நகரக் கர்மேல் மடத்துச் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ். 1691இல் இறந்த அவர் பெரிய நூல் எதுவும் எழுதவில்லை. அவர் கடிதங்களையும் உரையாடல்களையும் பிறர் தொகுத்தார்கள். ஜெபவேளைக்கும் அடுப்படி வேளைக்கும் தமக்கு வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். மடத்தில் குடும்பப் பாரம் இல்லை, கந்துக்காரன் வாசலில் நிற்பதில்லை என்று யாராவது சொல்லலாம், நியாயம்தான். ஆனாலும் அங்கேயும் வேலை வேலைதான்.

தமிழ் நிலத்துக்கு வந்தால் முதலில் நின்று பார்க்க வேண்டியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, மிஷனெரியான ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சாவூரில் வளர்ந்து, பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜியோடு படித்து, 1864இல் இறந்தவர். அவர் செய்த காரியத்தின் பெருமை நமக்கு இன்னும் முழுதாக உறைக்கவில்லை. ஜெர்மன் இராகங்களில் மொழிபெயர்ந்து வந்த ஞானப்பாட்டுகள் ஒருபக்கம் இருக்க, ஊர் மக்கள் வேலை செய்துகொண்டும் விளையாடிக்கொண்டும் பாடிய வடிவங்களை அவர் எடுத்தார். கும்மி, ஏற்றப்பாட்டு, குறவஞ்சி, நாடகம். ‘ஞான ஏற்றப்பாட்டு’ என்று ஒரு நூல் செய்தார். ஏற்றத்தில் ஏறி இறங்கி நீர் இறைப்பவன், இறைத்த சால்களை எண்ணிக்கொண்டே பாடுகிற பாட்டு அது. எண்ணிக்கை தவறக்கூடாது, மூச்சு தவறக்கூடாது. வேலையின் தாளமே பாட்டின் தாளம். அந்த வடிவத்துக்குள் தேவ துதியை வைத்தால், துதிக்க வேலையை நிறுத்த வேண்டியதில்லை. மகிமையை அன்றாடத்தில் கவனிப்பது பற்றி அவர் தத்துவம் எழுதவில்லை; கவனிப்பதற்கு ஒரு கருவி செய்து கையில் கொடுத்தார்.

‘பெத்லகேம் குறவஞ்சி’ இன்னொரு வகை. தேவமோகினி என்னும் சீயோன் குமாரத்தியின் காதலைச் சொல்லும் அந்த நூலில் வானம், பூமி, கடல், பறவை, மீன் என்று படைப்பு வரிசையாக அணிவகுத்து வருகிறது. கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்ற புதிய வானவியலையும் அவர் பாட்டுக்குள் கொண்டுவந்தார். விஞ்ஞானம் படித்தால் விசுவாசம் குறையும் என்ற பயம் அவரிடம் இல்லை. தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள வியப்பு கூடுகிறது. சோதனைச்சாலையில் வேலை பார்க்கும் இன்றைய நம் பிள்ளைகளுக்கு இதை யாராவது எடுத்துச்சொல்ல வேண்டும்.

ஆனால் அதே சாஸ்திரியார் வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மை ஆகாது. 1820களில் புதிதாக வந்த மிஷனெரிகள் தஞ்சைச் சபையில் சாதி வேறுபாடுகளை ஒழிக்க முனைந்தபோது, அதை எதிர்த்து நின்று எழுதியவர்களில் அவரும் ஒருவர். மிஷனெரிகளின் முறையில் கடுமையும் அகந்தையும் இருந்திருக்கலாம். ஆனாலும் விவாதம் யாரோடு சேர்ந்து உட்காருவது, யாரோடு ஒரே கிண்ணத்தில் பங்குகொள்வது என்பது பற்றியது. விண்மீன்களில் மகிமையைக் கண்ட கண், திருவிருந்துப் பந்தியில் பக்கத்தில் முழங்காலிட்டவனிடம் அதைக் காண மறுத்தது. இதை அவர் ஒருவரின் குறையாக நான் எழுதவில்லை. தமிழ்த் திருச்சபையின் நீண்டகால நோய் இது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பியவர்கள் நாம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை வருகிறார். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற அவர் ‘இரட்சணிய யாத்திரிகம்’ காவியத்தை 1894இல் வெளியிட்டார். ஜான் பனியன் எழுதிய ஆங்கிலக் கதையைத் தழுவியது என்றாலும், கம்பனில் ஊறிய நாக்கு அது. அவருடைய பங்களிப்பு மகிமையைத் தமிழ்க் காப்பியத்தின் செழுமையோடு உணர வைத்தது. ஆனால் அதை அனுபவிக்கக் கல்வி வேண்டும். தறிக்காரர் வீட்டு முற்றத்துக்கு அது இறங்கி வரவில்லை.

பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து பின்னர் கோயம்புத்தூர்ப் பேராயராகப் பணியாற்றிய ஏ.ஜே. அப்பாசாமி இந்தக் கேள்வியை நேராகக் கையில் எடுத்தார். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் அவர் நூல் 1927இல் வந்தது. யோவான் சுவிசேஷத்தையும் மாணிக்கவாசகர், தாயுமானவர் போன்றோரின் அனுபவத்தையும் பக்கத்தில் வைத்து வாசித்த அவருக்கு, தேவனில் நிலைத்திருப்பது அறிவால் ஒப்புக்கொள்ளும் கோட்பாடு மட்டும் ஆகாது, அன்பால் ருசிப்பது. களிப்பு என்ற அம்சத்தைத் தமிழ் இறையியலில் அழுத்தமாக வைத்தவர் அவர் என்பேன். பக்தி தனிமனித நெஞ்சுக்குள்ளேயே அடங்கிவிடும் ஆபத்தும் அதில் உண்டு. 1921இல் திருப்பத்தூரில் எஸ். ஜேசுதாசனும் எர்னஸ்ட் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் அந்த ஆபத்துக்கு ஒரு பதில்: தமிழ்க் கட்டடக்கலையில் கோயில், எளிய வாழ்க்கை, பக்கத்தில் மருத்துவமனை. ஜெபித்த கை நோயாளியின் புண்ணையும் கழுவியது.

சாஸ்திரியார் விட்ட இடத்திலிருந்து இழையை எடுத்துக் கட்டியவர் என்று நான் கருதுவது பரட்டை அண்ணன் என்று எல்லோரும் அழைத்த ஜே. தியாபிலஸ் அப்பாவுவை (1940–2005). மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இசையும் தொடர்பியலும் கற்பித்தவர். கர்நாடக இசைக் கீர்த்தனையும் மேல்நாட்டு ஞானப்பாட்டும் மட்டுமே கோயிலுக்கு ஏற்றவை, நாட்டுப்புறப் பாட்டு தரக்குறைவு என்ற எண்ணத்தை அவர் நேருக்கு நேர் எதிர்த்தார். பறையையும் கிராமத்து மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். தீட்டு என்று ஊர் ஒதுக்கிய தோல்கருவி பலிபீடத்தின் பக்கத்தில் ஒலித்தபோது, மகிமையின் எல்லை எதுவரை என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. அவர் இறையியலின் மையத்தில் ‘ஒரு உலை’ இருந்தது: எல்லோருக்கும் ஒரே உலையில் சோறு, எல்லோரும் சேர்ந்து உண்பது. தென்மாவட்டச் சபைகளில் இன்றும் நடக்கும் அசனத்தில் அதன் சாயல் உண்டு. பெரிய அண்டாவில் சோறு வெந்து, ஆளுக்கு ஒரு இலை போட்டு, யார் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் உட்கார்ந்தால், அங்கே இறங்குவது வேறு என்ன?

நம் திருவள்ளூர் மாவட்டத்தின் சொந்த வரலாறும் இதற்கு வெளியே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் திருவள்ளூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஷெட்லாந்து தீவில் பிறந்த வில்லியம் கௌடி என்ற வெஸ்லியன் மிஷனெரி 1882இல் சென்னைக்கு வந்து, திருவள்ளூரிலும் பக்கத்து ஈக்காட்டிலும் உழைத்தார். அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத பறையர் குடும்பங்கள். குடியிருக்கும் மனையே மிராசுதாரர் பிடியில். முறைத்துக்கொண்டால் வீடு போகும். கௌடி நிலப் பிரச்சினையைப் பற்றி எழுதினார், பேசினார். ஸ்காட்லாந்து மிஷனெரி ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டுப் பக்கத்தில் அதே வேலையைச் செய்தார். மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசு பிறப்பித்த ஆணைதான், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. மனை, பட்டா, ஏர் நிலம் என்று அலைந்த இந்த வேலையை இறையியல் புத்தகங்கள் ‘சமூகப் பணி’ என்று வேறு அத்தியாயத்தில் வைக்கும். நான் அதை மகிமை அத்தியாயத்தில்தான் வைப்பேன். தேவசாயலான மனிதன் குடிசையைக் காலிசெய் என்று துரத்தப்படும்போது, அதைப் பார்த்து ஒருவருக்குப் பொறுக்காமல் போவதும் மகிமையைக் கவனிப்பதுதான்.

மாவட்டத்தின் இன்னொரு ஓரத்தில் பழவேற்காடு. ஏரிக்கரையில் மகிமை மாதா திருத்தலம். 1515இல் போர்ச்சுகீசியர் காலத்தில் தோன்றியது என்பது கோயில் மரபு. மீன், இறால், வலை, படகு, காற்று இவற்றுக்கு நடுவே ஐந்நூறு ஆண்டுகளாக மகிமை என்ற பெயரைச் சுமந்து நிற்கிறது அந்த இடம். குளிர்காலத்தில் பூநாரைகள் ஏரியில் இறங்குவதைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. பார்க்க வேண்டியதுதான், சங்கீதம் 104ஐ எழுதியவர் அங்கே இருந்திருந்தால் ஒரு வரி கூட்டியிருப்பார். ஆனால் பள்ளிப்பட்டு வழியாக ஓடிப் பூண்டி ஏரியைக் கடந்து எண்ணூரில் கடலைச் சேரும் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து பரவி, படகும் வலையும் கறுத்து, மீனவர் பிழைப்பு நின்றுபோனது. படைப்பின் அழகைப் பாடும் சபை அந்த ஆற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சங்கீதம் 19ஐ வாயால் பாடிவிட்டு, வானம் சொல்லும் செய்தியைப் புகையால் மூடினால் என்ன அர்த்தம்?

இப்போது எதிர்வாதங்கள். முதலாவது, இயற்கையிலும் வேலையிலும் மகிமையைத் தேடுவது படைப்பையே வணங்குவதில் முடியாதா என்பது. வேதத்தில் பழகியவர்களிடம் இந்த அச்சம் உண்டு. ஆனால் யாத்திராகமத்தின் அந்தக் கூடாரத்தை யாரும் வணங்கவில்லை. அதை நெய்தவர்களுக்கும் அது துணி என்று தெரியும். படைப்பைக் கண்டு படைத்தவரிடம் போவது வேறு, படைப்பிலேயே நின்றுவிடுவது வேறு. இதற்கு மேல் இதில் சிக்கல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது கனமானது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டு வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்த பக்தர்களைச் சுனாமி அலை கொண்டுபோனது. பழவேற்காட்டுக் குப்பங்களும் அடிபட்டன. அந்தக் காலையில் மகிமையைக் கவனி என்று யாரிடம் சொல்வது? சொல்லக்கூடாது என்பதே என் பதில். யோபுவின் நண்பர்கள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், முதல் ஏழு நாள் வாய்திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தது. மகிமையைக் காணும் பழக்கம் துக்கத்தில் இருப்பவருக்கு நாம் போடும் கட்டளை ஆகக்கூடாது. அழுகிறவர்களோடு உட்கார்ந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்கள் அன்று எல்லா மதத்திலும் இருந்தார்கள். சிலுவையில் மகிமையைக் கண்ட யோவான்கூட அதை எழுதியது பல ஆண்டு கழித்துத்தான். அன்று அவர் செய்தது இயேசுவின் தாயைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போனது.

மூன்றாவது எதிர்வாதம் உழைப்பவர் பக்கமிருந்து வருகிறது. பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவனிடம் உன் வேலையில் மகிமை இருக்கிறது என்று சொன்னால், குறைந்த கூலியை அவன் பொறுத்துக்கொள்ள அது மருந்தாகிவிடாதா? ஆகிவிடும், அரைகுறையாகச் சொன்னால். வேலைக்காரரின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதியதையும் சேர்த்துச் சொன்னால் ஆகாது. தறியில் நெய்வது தேவன் மெச்சும் ஞானம் என்றால், அந்த ஞானத்துக்கு ஏற்ற விலை கொடுக்காதது தேவனை அவமதிப்பது. வேலையின் மேன்மையைச் சொல்லாமல் நியாயக் கூலி கேட்டால் வெறும் பேரமாக முடியும். கூலியைப் பற்றிப் பேசாமல் மேன்மையை மட்டும் சொன்னால் ஏமாற்று.

கவனிப்பது என்பதை நம் ஊர்க்காரருக்குப் புதிதாகக் கற்றுத்தரவும் வேண்டியதில்லை. ஓடுகிற தறியில் பாவில் ஓர் இழை அறுந்தால், பழகிய கண் அதை உடனே பிடித்துவிடும். அத்தனை சத்தத்திலும் ஒரு தறியின் தாளம் மாறினால் காது சொல்லிவிடும். தறியை நிறுத்தி, அறுந்த முனையை ஆயிரம் இழைகளுக்கு நடுவே தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, விழுதிலும் அச்சிலும் கோத்து இழுத்து மறுபடி ஓட்டுவார் தறிக்கார அண்ணன். பக்கத்தில் அவர் மனைவி தார் சுற்றிக்கொண்டிருப்பார். வெளியாளுக்கு அங்கே தெரிவது நூல் கூட்டம் மட்டும்தான். வருடக்கணக்கில் நின்று பழகிய கண்ணுக்குத்தான் அந்த ஒற்றை இழை தெரியும். மகிமையைக் காண்பதும் இப்படிப் பழகி வருகிற திறன்தான். உணர்ச்சி வேகத்தில் ஒரே நாளில் வந்துவிடாது.

பழக உதவும் முறைகள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கத்தோலிக்க வீடுகளில் மூவேளைச் செபம் வேலைநாளை மூன்று இடத்தில் நிறுத்தி மூச்சுவிட வைக்கிறது. பெந்தெகொஸ்தே வீடுகளில் ஆயிரம் ஸ்தோத்திரங்கள் அச்சிட்ட சிறு புத்தகம் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும். வேதத்தில் தேவனுக்குள்ள பெயர்களையும் அவர் செயல்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லித் துதிப்பது நல்ல ஒழுக்கம். அதன் கடைசியில் நான்கு வெற்றுப் பக்கம் சேர்த்து, அந்த வீட்டுக்காரர் தம் தெருவிலும் தம் வேலையிலும் கண்டதை எழுத இடம்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகை இருக்கிறது. வாழைத்தார், முருங்கைக்காய், பூசணி, நாட்டுக்கோழி முட்டை எல்லாம் பீடத்துக்கு முன் குவிந்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும். ஒரு தேங்காய் ஐந்நூறு ரூபாய்க்குப் போனால் சிரிப்பும் கைதட்டலும், பிள்ளைகளுக்குத் திருவிழா. அது விவசாயக் கிராமத்துக்கு அமைந்த பண்டிகை. தறி ஓடும் ஊரில் முதல் மடிப்புக் கலையாத ஒரு லுங்கி பீடத்தில் இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் இயந்திரப் பாகம் கடையும் தம்பி, தான் கடையும் பாகம் என்ன, எதற்குப் பயன்படுகிறது என்று அன்று சபைக்கு விளக்க வேண்டும். வீட்டில் சமைக்கும் அக்காக்கள் வருடம் முழுக்கப் போட்ட உலைக்கும் அன்று ஒரு ஸ்தோத்திரம் உண்டு.

ஷிப்ட் வேலைக்காரர்கள் ஞாயிறு ஆராதனைக்கு வர முடியாமல் போவதைப் பல சபைகள் பின்மாற்றமாகப் பார்க்கின்றன. இராவேலை மேய்ப்பர்களுக்கு மகிமை தெரிந்தது வேலையிடத்தில். கம்பெனி பஸ் விடியற்காலை நிற்கும் இடத்துக்குச் சபை ஐயர் ஒரு நாள் போய், ஏறுகிறவர்களின் பெயரைச் சொல்லி ஆசீர்வதித்து அனுப்பினால் அதுவும் ஆராதனைதான்.

சாட்சி நேரத்தையும் கொஞ்சம் மாற்றலாம். இந்த வாரம் கர்த்தர் உங்களுக்கு என்ன செய்தார் என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, இந்த வாரம் உங்கள் வேலையில் எதைக் கண்டீர்கள், யாரைக் கண்டீர்கள் என்று இன்னொரு கேள்வியும் கேட்கலாம். முதல் சில வாரம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். பிறகு யாராவது ஒரு அம்மா, பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் தன் பிள்ளைக்கும் சேர்த்துச் சோறு ஊட்டியதைச் சொல்வார். ஒரு பையன், புது டிசைன் தறியில் முதல் முறை சரியாக விழுந்தபோது கண்ணெடுக்க முடியாமல் நின்றதைச் சொல்வான். இவற்றுக்கும் சபை ‘தேவனுக்கே மகிமை’ என்று சொல்லப் பழக வேண்டும்.

கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்ற வாரங்களையும் இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. தறி உரிமையாளரும் அவரிடம் கூலிக்கு நெய்பவரும் ஒரே பாயில் உட்காரும் சபைகள் இங்கே உண்டு. யாரைக் கண்டீர்கள் என்ற கேள்வியை ஐயர் அப்படிப்பட்ட வாரத்தில் கேட்டால், இருவருக்கும் பதில் சொல்லக் கடினமாக இருக்கும். அந்த வாரத்தில்தான் அதைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, இருவரையும் ஒரே அப்பத்துக்கு அழைக்க வேண்டும்.